வாடகையும் வாசலும்

1995 ஜூலை 13 அன்று சிகாகோவில் வெயில் 41 டிகிரி செல்சியஸைத் தொட்டது. வேலூரிலோ திருத்தணியிலோ இருப்பவர்களுக்கு அது ஒரு கத்திரி வெயில் நாள், அவ்வளவுதான். ஆனால் பனிக்காலத்தை மனத்தில் வைத்துக் கட்டப்பட்ட அந்த ஊரின் செங்கல் வீடுகள், பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் விடவில்லை. காற்றில் ஈரப்பதம் வேறு. பல இடங்களில் மின்சாரமும் போய்விட்டது. அந்த ஒரு வாரத்தில் வழக்கமான எண்ணிக்கையைவிட 739 பேர் கூடுதலாக இறந்தார்கள். பிணவறை நிரம்பிவிட்டதால் உடல்களை வைக்கக் குளிர்சாதன லாரிகளைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இறந்தவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பலர் கதவும் சன்னலும் சாத்திய அறையில், யாரும் எட்டிப் பார்க்காமல் இறந்து கிடந்தார்கள்.

சிகாகோவிலேயே வளர்ந்த சமூகவியலாளர் எரிக் கிளைனன்பெர்க் இந்தச் சாவுகளைப் பேட்டைவாரியாகப் பிரித்துப் பார்த்தார். ஏழைகள் வாழும் பகுதிகளில் சாவு அதிகம் என்பதை யாரும் ஊகிக்கலாம். அவரை நிறுத்தி யோசிக்க வைத்தவை வடக்கு லான்டேல், தெற்கு லான்டேல் என்ற இரண்டு பேட்டைகள். பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை. ஒரே வெயில். தனியாக வாழும் ஏழை முதியவர்களின் எண்ணிக்கையும் ஏறத்தாழ ஒன்றே. ஆனால் வடக்கில் லட்சத்துக்கு 40 பேர் இறந்தார்கள், தெற்கில் 4 பேர்.

பத்து மடங்கு வித்தியாசம் எங்கிருந்து வந்தது? வடக்கு லான்டேலில் ஆலைகள் மூடப்பட்டு, 1960-க்கும் 1990-க்கும் இடையில் மக்கள்தொகை பாதிக்கும் கீழே போயிருந்தது. வீடுகள் இடிந்து காலிமனைகள் பெருகின, கடைகள் போயின. வெளியே போக ஒரு காரணமும் இல்லை, போனாலோ பயம். அங்கிருந்த முதியவர்கள் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருந்தார்கள். லிட்டில் வில்லேஜ் என்று மக்கள் அழைக்கும் தெற்கு லான்டேலில் கதை வேறு. மெக்சிகோவிலிருந்து வந்தவர்கள் குறைந்த வாடகை வீடுகளை நிரப்பியிருந்தார்கள். 26-ஆம் தெருவில் பேக்கரி, பழக்கடை, தள்ளுவண்டி, தேவாலயம் என்று நாள் முழுக்க ஆள் நடமாட்டம். அந்தப் பேட்டையில் தங்கிவிட்ட பழைய வெள்ளைக்கார முதியவர்களும் நாளுக்கு ஒரு தடவையாவது கீழே இறங்கி நடந்தார்கள். வெயில் கொளுத்தியபோது குளிரூட்டப்பட்ட கடைக்குள் நின்றார்கள். ஒருவர் வராவிட்டால் ‘எங்கே காணோம்?’ என்று கேட்க ஆள் இருந்தது.

இது மெக்சிகோக்காரர்களின் குடும்பப் பாசத்தால் வந்தது என்று சொல்லிவிடலாம்தான். ஆனால் கறுப்பின மக்கள் பெரும்பான்மையாக வாழும் எங்கிள்வுட், ஆபர்ன் கிரெஷம் என்ற இரண்டு பேட்டைகளிலும் இதே கதை நடந்தது. முதலாவதில் லட்சத்துக்கு 33 சாவு, இரண்டாவதில் 3. இனம் ஒன்று, வறுமையும் ஏறத்தாழ ஒன்று. ஆபர்ன் கிரெஷத்தில் நடைபாதை, கடைகள், பூங்கா, தெருச் சங்கங்கள் எல்லாம் இயங்கிக்கொண்டிருந்தன. எங்கிள்வுட்டில் அவை சிதைந்திருந்தன. குளிர்சாதன வசதி இருந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள் என்பதையும் அப்போது நடந்த மருத்துவ ஆய்வு காட்டியது. அதே ஆய்வு, பக்கத்தில் நண்பர்கள் இருந்தவர்களும் அடிக்கடி வெளியே போய்வந்தவர்களும் பிழைத்தார்கள் என்றும் காட்டியது. நூலகம், பூங்கா, கடைத்தெரு, மன்றம், நடைபாதை ஆகியவற்றை எல்லாம் சேர்த்துக் கிளைனன்பெர்க் ‘சமூக உள்கட்டமைப்பு’ என்கிறார். குடிநீர்க் குழாயும் மின்கம்பியும் போல இதற்கும் செலவு செய்து கட்ட வேண்டும், பராமரிக்க வேண்டும் என்பது அவர் வாதம். நான் அதை முழுமனதாக ஏற்கிறேன்.

ஆனால் பூங்காவை மட்டும் கட்டினால் போதுமா? பழக்கம் ஏற்படக் காலம் பிடிக்கும். ஒரே தெருவில் ஆண்டுக்கணக்கில் இருந்தால்தான் முகம் பெயராகும், பெயர் உறவாகும். இங்கேதான் வாடகை கதைக்குள் வருகிறது.

அதே சிகாகோவில் ராபர்ட் சாம்ப்சன், ஸ்டீபன் ராடன்புஷ், ஃபெல்டன் ஏர்ல்ஸ் மூவரும் நகரை 343 பேட்டைகளாகப் பிரித்து 8,782 பேரிடம் கேள்வி கேட்டார்கள். பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டுப் பிள்ளைகள் தெருமுனையில் நின்றால் அக்கம்பக்கத்தார் கண்டிப்பார்களா? பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தை அரசு மூடப்போகிறது என்றால் சேர்ந்து எதிர்ப்பார்களா? இங்கே உள்ளவர்களை நம்பலாமா? இந்தப் பதில்களைத் தொகுத்து ஒவ்வொரு பேட்டைக்கும் ஓர் அளவு கொடுத்தார்கள். தமிழில் அதைக் ‘கூட்டுத்திறன்’ எனலாம். 1997-இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வந்த முடிவு இது: வறுமையைக் கணக்கில் எடுத்துக் கழித்த பிறகும், கூட்டுத்திறன் மிகுந்த பேட்டைகளில் வன்முறை குறைவு. பேட்டைக்குப் பேட்டை கூட்டுத்திறன் ஏன் மாறுகிறது என்றும் பார்த்தார்கள். குவிந்த வறுமை, புதிதாகக் குடியேறியோரின் செறிவு, குடியிருப்பு நிலைத்தன்மை ஆகிய மூன்றும் சேர்ந்தே அந்த வேறுபாட்டில் 70 சதவீதத்தை விளக்கிவிட்டன. மூன்றாவதை அளந்த முறை எளியது. ஐந்து ஆண்டுகளுக்கு முன் இருந்த அதே வீட்டில் இப்போதும் இருப்பவர்கள் எத்தனை பேர்? சொந்த வீட்டில் இருப்பவர்கள் எத்தனை பேர்?

நம் ஊர் நடைமுறையை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வாடகை ஒப்பந்தம் 11 மாதத்துக்கு. முடிந்ததும் வீட்டுக்காரர் ஏற்றிக் கேட்பார். கொடுக்க முடிந்தால் இருக்கலாம். முடியாவிட்டால் அடுத்த தெரு, அதற்கடுத்த முறை அடுத்த ஊர். பிள்ளைக்குப் பள்ளி மாறும், அம்மாவுக்குச் சீட்டு சேர்ந்த கூட்டம் போகும், அவசரத்துக்குக் குழந்தையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி போவார். வருமானத்தில் 30 சதவீதத்துக்கு மேல் வீட்டுக்கே போனால் அது சுமை என்று அமெரிக்காவில் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்தச் சுமையைப் பணத்தால் மட்டும் அளப்பது போதாது. வீடு மாறும்போது மனிதர்கள் இழப்பது லாரியில் ஏற்ற முடியாதவற்றை.

தங்கியிருந்தால் மட்டும் பழக்கம் வந்துவிடுமா என்பது அடுத்த கேள்வி. இதற்கு அறிவியலில் பழைய, அழகான ஓர் ஆய்வு இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து திரும்பிய வீரர்கள் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் படிக்க வந்தபோது, மணமானவர்களுக்காக வெஸ்ட்கேட் வெஸ்ட் என்ற குடியிருப்பை அமைத்தார்கள். இரண்டு மாடிக் கட்டடங்கள், மாடிக்கு ஐந்து வீடு. யாருக்கு எந்த வீடு என்பதை அவர்கள் தேர்ந்தெடுக்கவில்லை. லியான் ஃபெஸ்டிங்கரும் அவருடைய தோழர்களும் யார் யாருக்கு நண்பர் என்று கேட்டு 1950-இல் நூலாக வெளியிட்டார்கள். அடுத்த வீட்டுக்காரர் நண்பராகும் வாய்ப்பு 41 சதவீதம். ஒரு வீடு தள்ளியிருந்தால் 22. தாழ்வாரத்தின் இரு கோடியிலும் இருப்பவர்களுக்கு 10. அந்த இரு கோடிகளுக்கும் இடையே இருந்த தூரம் முப்பது மீட்டர்கூட இல்லை. மாடிப்படி அருகே இருந்த கீழ்வீட்டுக்காரர்களுக்கு மாடியிலும் நண்பர்கள் இருந்தார்கள், ஏனென்றால் மேலே போகிறவர்கள் எல்லாரும் அவர்கள் வாசலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

நட்பை நாம் குணத்தோடு சேர்த்துத்தான் யோசிக்கிறோம். கட்டடக்காரர் படியை எங்கே வைத்தார் என்பதும் அதில் பெரும்பங்கு வகிக்கிறது.

இதன் மறுபக்கத்தை 1977-இல் ஆண்ட்ரூ பௌம், ஸ்டூவர்ட் வாலின்ஸ் இருவரும் காட்டினார்கள். கல்லூரி விடுதியில் நீண்ட தாழ்வாரத்தில் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் குளியலறையையும் கூடத்தையும் பகிர்ந்துகொண்ட மாணவர்களையும், நாலைந்து பேராகச் சிறு தொகுதியில் தங்கியவர்களையும் ஒப்பிட்டார்கள். ஆளுக்குக் கிடைத்த இடத்தின் அளவு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் நீண்ட தாழ்வாரத்துப் பிள்ளைகள் அதிக நெரிசலை உணர்ந்தார்கள், அந்நியரைக் கண்டால் ஒதுங்கி உட்கார்ந்தார்கள். யார் எதிரே வருவார் என்று தெரியாத இடத்தில், எப்போது பேசுவது என்பது நம் கையில் இல்லை. அப்படிப்பட்ட இடத்தில் மனிதர் கதவைச் சாத்திக்கொள்கிறார். ஆகவே பொது இடம் இருந்தால் போதாது. அதைப் பகிர்கிறவர்கள் முகம் தெரிந்த அளவுக்குச் சிலராக இருக்க வேண்டும்.

வீட்டு விலை, வாசல் இரண்டையும் சேர்த்தே யோசித்த நகரம் எது என்றால் சிங்கப்பூரைச் சொல்வேன். அங்கே நடந்த எல்லாமே சரி என்பதற்காக அல்ல. ஒரே தலைமுறைக்குள் தவறும் திருத்தமுமாகச் செய்து பார்த்த ஊர் அது என்பதற்காக.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960 பிப்ரவரியில் தொடங்கியபோது, மக்களில் பெரும்பகுதியினர் கடைவீடுகளின் இருட்டு அறைகளிலும், அத்தாப்பு ஓலையும் தகரமும் வேய்ந்த, கம்போங் என்ற கிராமக் குடிசைகளிலும் இருந்தார்கள். 1961 மே 25, ஹஜ்ஜுப் பெருநாள் அன்று புக்கிட் ஹோ சுவீ கம்போங்கில் பற்றிய தீ நான்கு உயிரைக் குடித்து, ஏறத்தாழ 16,000 பேரை வீதிக்குக் கொண்டுவந்தது. லிம் கிம் சான் தலைமையிலிருந்த கழகம் எரிந்த இடத்திலேயே அடுக்குமாடிகளை எழுப்பி, ஓராண்டுக்குள் குடியேற்றத் தொடங்கியது. முதல் ஐந்தாண்டில் 50,000-க்கும் மேல் வீடுகள் எழும்பின. 1966-இன் நில எடுப்புச் சட்டம் சந்தை விலைக்குக் குறைவாக நிலத்தை அரசின் கைக்குக் கொண்டுவந்தது. நிலம் இழந்தவர்களுக்கு அது கசப்பு. நிலத்தின் விலையைக் கட்டுக்குள் வைக்காமல் வீட்டின் விலையைக் கட்டுக்குள் வைக்க முடியாது என்பதும் உண்மை. 1968 முதல் மத்திய சேமநிதிப் பணத்தைக் கொண்டே வீட்டுக் கடனைக் கட்டலாம் என்றானது. இன்று குடிமக்களிலும் நிரந்தரவாசிகளிலும் ஐந்தில் நால்வர் அளவுக்கு வீவக வீடுகளில் வாழ்கிறார்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு அது 99 ஆண்டுக் குத்தகையில் சொந்த வீடு.

ஆரம்பத்தில் இது தனிமையையும் கொண்டுவந்தது. கம்போங்கில் ஆட்டையும் கோழியையும் கூடக் கூட்டாகப் பார்த்துக்கொண்டவர்கள் பத்தாவது மாடியில் கதவைச் சாத்திக்கொண்டார்கள். அடுக்குமாடியில் ஏழைக் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன என்பதை 1977-இல் ரியாஸ் ஹசன் ஒரு நூலாகவே எழுதினார். அப்போது வடிவமைப்புப் பொறுப்பிலிருந்த லியு தை கெர், மக்கள் பழகும் அளவைச் சமூகவியலாளர்களிடம் கேட்டு, முதல் கட்டடங்களின் நீண்ட தாழ்வாரங்களை வெட்டிச் சுருக்கினார். ஒரு துண்டுத் தாழ்வாரத்துக்கு ஆறு முதல் எட்டு வீடு. சில நூறு வீடுகளுக்கு நடுவில் அவர்களுக்கே உரிய ஒரு சிறு முற்றம், விளையாட்டிடம். பௌமும் வாலின்சும் விடுதியில் கண்டதை, கட்டட வரைபடத்தில் இங்கே செய்து காட்டினார்கள்.

சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் வானுயர்ந்த கோபுரங்களைப் படமெடுக்கிறார்கள். நான் பார்க்கச் சொல்வது புளோக்கின் கீழ்த்தளத்தை. தரைத்தளத்தில் வீடே கிடையாது. தூண்கள், சிமெண்ட் தரை, நாலு பக்கமும் காற்று. லிஃப்டுக்குப் போகும் வழியில் எல்லா வீட்டுக்குமான அஞ்சல் பெட்டிகள் வரிசையாக இருக்கும். அதனால் கடிதம் எடுக்க வருகிறவர் ஒரு நிமிடம் அங்கே நின்றாக வேண்டும். சதுரங்கக் கட்டம் பதித்த கான்கிரீட் மேசையைச் சுற்றித் தாத்தாக்கள். தூண் ஓரத்தில், பெரும்பாலும் நம்மவர் நடத்திய மாமா கடை. பிஸ்கட், தமிழ் முரசு, ஐஸ்கிரீம், மறந்துபோன வெங்காயம் எல்லாம் கிடைக்கும், கடனும் கிடைக்கும். சனிக்கிழமை ஒரு புளோக்கின் கீழ் மலாய்க் கல்யாணம் நடக்கும், கொம்பாங் மேளம் அதிரும். நாலு புளோக் தள்ளி ஒரு சீனக் குடும்பம் இறந்தவருக்காக மூன்று நாளோ ஐந்து நாளோ விழித்திருக்கும். நகர மன்றத்தில் பதிவு செய்து சிறு கட்டணம் கட்டினால் இடம் கிடைத்துவிடும். கல்யாண மண்டபத்துக்குக் கொடுக்கப் பணமில்லாதவர் வீட்டுக் கல்யாணமும் நடுவீதியில் நடப்பதுபோல எல்லாருக்கும் தெரிந்து நடக்கிறது. வீட்டுக்குப் போக வேறு வழி இல்லாததால், பிற இனத்தாரின் மகிழ்ச்சியையும் துக்கத்தையும் குழந்தைகள் தினமும் தாண்டிப்போகிறார்கள்.

இந்தக் கலப்பு தானாக வரவில்லை. 1989-இல் கொண்டுவந்த இன ஒருங்கிணைப்புக் கொள்கையின்படி ஒவ்வொரு புளோக்கிலும் சீனர், மலாய்க்காரர், இந்தியர் இத்தனை விழுக்காட்டுக்கு மேல் கூடாது. இதன் விலையைச் சிறுபான்மையினர் கொடுக்கிறார்கள். புளோக்கில் சீனர் ஒதுக்கீடு நிரம்பியிருந்தால் இந்தியரோ மலாய்க்காரரோ தம் வீட்டைச் சீனருக்கு விற்க முடியாது, வாங்குகிறவர் குறைவு என்பதால் விலையும் குறையும். அரசே இதை ஒப்புக்கொண்டிருக்கிறது. அந்தக் குடும்பங்களுக்கு உரிய ஈடு கிடைக்க வேண்டும். கலந்து வாழ்வதன் பலன் எல்லாருக்கும் போகும்போது செலவை மட்டும் சிலர் சுமப்பது நியாயமில்லை.

கலப்பினால் பலன் உண்டா என்ற கேள்விக்கு 2022-இல் ராஜ் செட்டியும் அவருடைய குழுவும் ‘நேச்சர்’ இதழில் பதில் சொன்னார்கள். அமெரிக்காவில் ஃபேஸ்புக்கில் பதிவான 2,100 கோடி நட்புகளை எடுத்துக்கொண்டு, ஏழைக்கும் வசதியானவருக்கும் இடையே நட்பு அதிகமுள்ள ஊர்களில் வளரும் ஏழைப் பிள்ளைகள் பின்னாளில் அதிகம் சம்பாதிக்கிறார்கள் என்று காட்டினார்கள். வசதியான பிள்ளைகளுக்கு இருக்கும் அளவுக்கு அத்தகைய நட்பு கிடைத்த ஊரில் வளர்ந்தால், ஏழைப் பிள்ளையின் வருமானம் சராசரியாக 20 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. இந்த நட்பு குறைவதற்குக் காரணம் பாதி இருவரும் ஒரே இடத்துக்கு வராதது. மறுபாதி, ஒரே இடத்துக்கு வந்தும் பழகாதது. பள்ளியோ மன்றமோ சிறியதாக இருக்கும் இடத்தில் இரண்டாவது தடை தளர்கிறது. வெஸ்ட்கேட் படிக்கட்டு சொன்ன அதே பாடம்!

சிங்கப்பூர் இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறது. 2017-இல் கட்டி முடிந்த கம்போங் அட்மிரல்ட்டியில் முதியவர்களுக்கு 104 சிறு வீடுகள். ஒரு ஹெக்டேர்கூட இல்லாத அந்த மனையில் கீழே திறந்த முற்றம், அதன் மேல் உணவங்காடி, அதற்கு மேல் மருத்துவ நிலையம், இன்னும் மேலே குழந்தைகள் காப்பகமும் முதியோர் மையமும் பக்கத்துப் பக்கத்தில், மொட்டைமாடியில் காய்கறித் தோட்டம். அதே நாட்டில்தான் புதிய புளோக்குகளின் கீழ்த்தளங்கள் சுருங்கிவருகின்றன. பந்து விளையாடக் கூடாது என்ற பலகைகள் பெருகியிருக்கின்றன. மறுவிற்பனை வீடுகளில் சில பத்து லட்சம் சிங்கப்பூர் வெள்ளியைத் தாண்டிவிட்டன. வீடு கட்டுபடியாகாமல் போகும்போது கீழ்த்தளம் என்ன ஆகும் என்பதை அவர்கள் கவனிக்க வேண்டிய காலம் இது.

எதிர்மறை உதாரணம் ஒன்றையும் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் 1950-களின் நடுவில் திறந்த ப்ரூயிட்-ஐகோ குடியிருப்பில் 11 மாடி கொண்ட 33 கட்டடங்கள், 2,870 வீடுகள். வடிவமைத்தவர் பின்னாளில் நியூயார்க்கின் இரட்டைக் கோபுரங்களை வரைந்த மினோரு யமாசாகி. பொது இடத்துக்கு அங்கே குறைவில்லை. லிஃப்ட் சில மாடிகளில் மட்டும் நிற்கும், அங்கே அகலமான கூடம், துவைக்கும் அறை. பிள்ளைகள் விளையாடுவார்கள், தாய்மார்கள் பேசுவார்கள் என்பது எண்ணம். ஆனால் அந்தக் கூடத்தை யாரும் தம் வாசலாகக் கருதவில்லை. யார் வேண்டுமானாலும் வரலாம், யாருக்கும் சொந்தமில்லை. பராமரிப்புச் செலவைக் குடியிருப்போரின் வாடகையிலிருந்தே எடுக்க வேண்டும் என்ற ஏற்பாடு வேறு. நகரம் ஆட்களை இழக்க, வீடுகள் காலியாக, வாடகை வரவு விழ, லிஃப்ட் பழுதாகி நின்றது, குழாய்கள் உடைந்தன. 1972-இல் வெடிவைத்துத் தகர்க்கத் தொடங்கினார்கள். தெருவுக்கு எதிர்ப்புறம் அதே மாதிரி மக்கள் வாழ்ந்த கார் ஸ்கொயர் வில்லேஜ் என்ற தாழ்வான குடியிருப்பு அந்தக் காலம் முழுக்க நிரம்பியே இருந்ததை ஆஸ்கர் நியூமன் சுட்டிக்காட்டினார். ஏழைகளுக்கு வீடு கட்டினால் இப்படித்தான் ஆகும் என்று ப்ரூயிட்-ஐகோவைக் காட்டுகிறவர்கள் அந்த எதிர்ப்புறத்தைப் பார்ப்பதில்லை.

பராமரிப்பு எவ்வளவு சிறிய செலவில் எவ்வளவு செய்யும் என்பதற்குப் பிலடெல்பியா சான்று. அங்கே 541 காலிமனைகளைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். மருந்துக்குச் சோதனை நடத்துவதுபோலவே, சிலவற்றைச் சீர்செய்தார்கள், சிலவற்றில் குப்பையை மட்டும் எடுத்தார்கள், சிலவற்றை அப்படியே விட்டார்கள். சீர்செய்வது என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. தரையைச் சமப்படுத்தி, புல் விதைத்து, சில மரக்கன்று நட்டு, ஆள் நுழைய வழிவிட்டு இடுப்பளவு மரவேலி. மனைக்குச் சுமார் 1,600 டாலர். 2018-இல் வந்த முடிவுகளின்படி, சீர்செய்த மனைகளைச் சுற்றியிருந்தவர்களில் மனச்சோர்வாக உணர்ந்தவர்கள் 41 சதவீதத்துக்கு மேல் குறைந்தார்கள். மிக ஏழ்மையான பகுதிகளில் துப்பாக்கி வன்முறை 29 சதவீதம் குறைந்தது. குப்பையை மட்டும் எடுத்த இடங்களில் மனநிலை அந்த அளவுக்கு மாறவில்லை.

‘ஏழைகளுக்கு இங்கே வீடு கட்டினால் எங்கள் மனை விலை விழுந்துவிடும்’ என்ற முணுமுணுப்பு எல்லா ஊரிலும் உண்டு. ரெபெக்கா டயமண்டும் டிம் மெக்குவேடும் 2019-இல் இதை அமெரிக்காவில் ஆராய்ந்தார்கள். வரிச் சலுகையோடு கட்டிய குறைந்த வாடகைக் குடியிருப்புகள் ஏழைப் பேட்டையில் வந்தபோது சுற்றுப்புற வீட்டு விலை 6.5 சதவீதம் ஏறியது, குற்றம் குறைந்தது, பலதரப்பட்டவர்கள் குடிவந்தார்கள். வசதியான பேட்டைகளில் 2.5 சதவீதம் அளவுக்கு விலை இறங்கியதும் உண்மை. மறைக்க வேண்டியதில்லை. ஒரு நகரம் அந்த இரண்டரை சதவீதத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

இனி சென்னை. தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் 1970-இல் பிறந்தபோது அதன் வழி பெரும்பாலும், குடிசை இருந்த இடத்திலேயே மாடிவீடு கட்டித் தருவது. மெரினா ஓரத்து நொச்சிக்குப்பம், புளியந்தோப்பு கே.பி. பார்க் போன்ற இடங்களில் மக்கள் தம் கடலையும் வேலையையும் விட்டு நகராமல் வீடு பெற்றார்கள். 2000-க்குப் பிறகு கண்ணகி நகர், பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்பில் பெருங்குடியிருப்புகள் எழுந்தன. பெரும்பாக்கத்தில் மட்டும் இருபதாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள், தரைக்கு மேல் ஏழு மாடி. 2015 வெள்ளத்துக்குப் பிறகு அடையாறு, கூவம் கரையிலிருந்த குடும்பங்கள் ஏராளமாக அங்கே கொண்டுபோகப்பட்டன. வீட்டுக்கு அவர்கள் கட்டும் தொகை மிகக் குறைவு. வாடகைக் கணக்கில் பார்த்தால் இதைவிடக் கட்டுபடியான வீடு கிடையாது. ஆனால் நான்கைந்து வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு வேலை இருபது கிலோமீட்டர் தள்ளிப்போனது. பேருந்துக்கே இரண்டு மணி நேரம். ஒரே தெருவில் இருந்தவர்களைக் குலுக்கல் முறையில் வெவ்வேறு புளோக்குக்குப் பிரித்தார்கள். கீழ்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியாத ஏழாவது மாடியில் பிள்ளையைத் தனியே விட்டுவிட்டு வேலைக்குப் போக எந்தத் தாய்க்கு மனம் வரும்? பெரும்பாக்கம் என்றாலே காவல்துறைப் பிரச்சினை என்று பேசுகிறவர்கள், சாம்ப்சனின் அந்த ஐந்தாண்டுக் கேள்வியை அங்கே கேட்டுப்பார்க்க வேண்டும். அங்கே வந்த அன்று எல்லாருமே எல்லாருக்கும் அந்நியர்.

இதைச் சரிசெய்ய முடியாது என்று நான் நினைக்கவில்லை. இனி ஒதுக்கும்போது ஒரு தெருவை ஒரே புளோக்கில் சேர்த்து வைக்கலாம், அதற்குச் செலவே இல்லை. முடிந்த இடமெல்லாம் இருந்த இடத்திலேயே கட்டலாம். தரைத்தளத்தில் கொஞ்சத்தை வீடாக்காமல் திறந்து விடலாம். அங்கே ரேஷன் கடை, பால் பூத், பாலர் பள்ளி, தையல் மெஷின் போட ஓர் அறை என்று, தினமும் கால் பதிய ஒரு காரணம் இருக்கட்டும். பராமரிப்புக்கு ஆளும் பணமும் வரவு செலவுத் திட்டத்திலேயே தனியாக இருக்கட்டும், லிஃப்ட் நின்ற பிறகு தேட வேண்டாம். 2024-இல் கொளத்தூரில் திறந்த முதல்வர் படைப்பகம் போன்ற படிப்பிடங்கள் மறுகுடியமர்வுப் பகுதிகளுக்குத்தான் முதலில் போக வேண்டும். வீட்டில் படிக்க மேசையில்லாத பிள்ளைகள் அங்கேதான் அதிகம்.

நீங்கள் எந்த வார்டில் இருந்தாலும் ஒன்று செய்யலாம். பெரும்பாலான ஊர்களில் மாநகராட்சி கட்டிய சமுதாயக்கூடமோ, வாசகசாலையோ, உடற்பயிற்சிக்கூடமோ ஒன்று பூட்டிக் கிடக்கும். 2022 முதல் தமிழ்நாட்டு நகரங்களில் பகுதி சபைகள் கூடுகின்றன. அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். அந்தப் பூட்டின் சாவி யாரிடம் இருக்கிறது, எத்தனை மணிக்குத் திறப்பார்கள், யார் பெருக்குவார்கள் என்று கேளுங்கள். பதில் எழுத்தில் வரும்வரை கேளுங்கள்.